அண்ணாச்சி வீட்டு யவனக் கவசம்

வரலாறு எடுத்துப் படிக்கிறவனுக்கு மத்தியானத்தில் வேலை கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

சிந்தாதிரிப்பேட்டை வேலு உங்களிடம் வந்து சொன்னது அத்தனையும் சரி. அந்தத் தலைக்கவசத்தை அவர்தான் அடித்தார். எழுபத்திமூன்றில் எங்கள் கல்லூரி நாடகத்தில் நான் கிரேக்கத் தளபதி. அட்டையில் செய்தது வேண்டாம், உலோகத்தில்தான் வேண்டும் என்று நின்றேன். பாண்டு வாத்தியங்களுக்கு ஒடுக்கெடுக்கிறவர் வேலு. அவரிடம் புத்தகத்துப் படத்தைக் காட்டினேன். மூக்குக்கு ஒரு பட்டை, கன்னத்துக்கு இரண்டு தகடு, கண்ணுக்கு இரண்டு பொந்து.

"இன்னா நைனா இது? இத்த மாட்டிக்கினா சோறு எப்டி துன்றது?"

"சண்டை போடறப்ப யாரும் சாப்பிட மாட்டாங்க வேலு."

"அப்ப தோத்துட்டுதான் வருவான்" என்றார்.

தோற்றோம். இரண்டாவது காட்சியிலேயே திரையை இறக்கச் சொல்லிவிட்டார்கள். கவசம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. மயில்துத்தமும் உப்பும் அம்மாவின் வினிகரும் கலந்து பூசி, சாந்தோமில் எங்கள் வீட்டுக் கொல்லையில் புதைத்தேன். மழைக்காலம் முடிந்து தோண்டி எடுத்தபோது அதற்கு இரண்டாயிரம் வயது ஆகியிருந்தது.

விளையாட்டாகத்தான் செய்தேன். பழம்பொருள் சேர்க்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால் என்ன சொல்வார்கள் என்று பார்க்க ஆசை. அடையாறில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அசல்தான், அதனாலேயே திருட்டுப் பொருளாக இருக்கும், வீட்டுக்குள் விட முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். மயிலாப்பூர் டாக்டர் ஒருவர் தலையில் மாட்டிப் பார்த்தார். கழற்றத் தேங்காய் எண்ணெய் தேவைப்பட்டது. பிடித்தம் போதவில்லை என்று அவர் சொல்ல முடியாது. ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றாவதாகத்தான் வெள்ளைத்துரை அண்ணாச்சியிடம் போனேன். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை, ஆழ்வார்பேட்டையில் வீடு, கூடம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள்.

"யவனன் நம்மகிட்ட மிளகு வாங்க வந்தவன்லா தம்பி?"

"ஆமாம் அண்ணாச்சி. எங்க வீட்டுக்குப் பின்னால கிணறு தோண்டறப்ப கிடைச்சது. பழைய துறைமுகம் அங்கதான்னு சொல்றாங்க."

"மிளகைக் கொண்டுட்டுப் போயிட்டான். தலையை நம்மகிட்ட வச்சிட்டுப் போயிருக்கான் பாரு" என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் அவ்வளவு சந்தோஷப்படும்போது குறுக்கே பேசுவது எனக்கு வராது. கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் நான் செல்லப்பிள்ளை. வருகிறவர்களுக்கெல்லாம் யவனர்களைப் பற்றி நான்தான் எடுத்துச் சொல்வேன். இசக்கியம்மாள் காபி கொண்டுவந்து வைப்பார்.

இசக்கியம்மாள் அண்ணாச்சியின் ஊர்க்காரர், தூரத்து உறவு. புருஷன் போனபின் அந்த வீட்டுச் சமையலே கதி என்று இருந்தவர். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் என்னை 'வாத்தியார் வீட்டுத் தம்பி' என்பார். காபியில் எனக்கு மட்டும் ஏடு எடுத்துவிடுவார். நான் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி உண்டு. ஆயுத பூஜை கிடையாது. என் யோசனையில் விட்டுப்போனது அது ஒன்றுதான். அன்றைக்கு அந்த வீட்டில் கத்தரிக்கோல், கஜக்கோல், அரிவாள்மணை, மோட்டார் கார் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள். காய் நறுக்குகிறதற்கே சந்தனம் வைக்கிற வீட்டில், சண்டைக்கென்றே செய்த ஒரே சாமான் பாசி பிடித்துக் கிடப்பது அந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நியாயம்தான். அண்ணாச்சி கடைப் பூஜைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார்.

சாயங்காலம் பொரி சாப்பிட நானும் போயிருந்தேன். கத்தரிக்கோலுக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில் கவசம் கல்யாணச் சீர்ப் பாத்திரம் மாதிரி மின்னியது. நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகவே இருந்தது.

கடையிலிருந்து திரும்பிய அண்ணாச்சி அதன் முன்னால் குனிந்து பார்த்தார். இசக்கியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கை பட்டதும் வந்துட்டு அண்ணாச்சி. அம்புட்டுப் பச்சையும் தண்ணியோட போயிட்டு. ஒரு கஷ்டமும் இல்ல."

அந்தம்மா அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அண்ணாச்சி துணியைத் தண்ணீரில் போட்டுச் சாயம் பார்த்தே முன்னுக்கு வந்தவர். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சாயமா தம்பி?"

நான் கவசத்தை எடுத்தேன். சந்தனம் கலையாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"இது நான் குடுத்தது இல்ல அண்ணாச்சி. யாரோ மாத்திட்டாங்க."

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏமாந்துபோனவன் என்றால் பாண்டி பஜார் முழுக்கச் சிரிக்கும். திருட்டுக் கொடுத்தவன் என்றால் துக்கம் விசாரிக்க வரும். அவருக்கு நான் இரண்டாவதைக் கொடுத்தேன். முகத்தில் ரத்தம் திரும்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

"அப்பம் அசலு எங்க?" என்றார்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது என்பதை அண்ணாச்சியாகவே யோசித்தார்.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய? நான் தேய்ச்சது இதத்தான. தம்பி, நீங்க சொல்லுங்களேன்" என்றார் இசக்கியம்மாள்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பொரியைக்கூட முடிக்கவில்லை.

அண்ணாச்சி புகார் கொடுத்தார். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், அசல் எங்கே என்று அந்தம்மாவிடம் கேட்டார். இல்லாத பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வது கஷ்டம். ஆனால் கேட்கிற விதத்தில் கேட்டால் யாருக்கும் ஓர் இடம் ஞாபகம் வந்துவிடுகிறது. இசக்கியம்மாளுக்கு அடையாற்றுப் பாலத்தடி ஞாபகம் வந்தது. பயத்தில் அங்கே வீசிவிட்டேன் என்றார்.

அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். மழை பெய்து ஆறு கலங்கி ஓடியது. கான்ஸ்டபிள் எனக்குக் குடை பிடித்தார். படித்த பையன் என்று மரியாதை.

"எறங்கி எட்றீ" என்றார் அந்தம்மாவிடம்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். அவர் ஊரில் குளமே வருஷத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்குமாம். நீச்சல் எங்கே தெரியப்போகிறது? காலால் சேற்றைத் துழாவினார். ஒரு துருப்பிடித்த டப்பா வந்தது. கான்ஸ்டபிளிடம் காட்டவில்லை. என்னிடம்தான் காட்டினார்.

"இதுவா தம்பி?"

காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற அதே குரல். நான் தலையாட்டினேன், இல்லை என்று. இன்னும் கொஞ்சம் உள்ளே போனார். உடைந்த பானை ஒன்று வந்தது. "இதுவா தம்பி?" இல்லை. தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு வந்திருந்தது. ஏதோ குழாய்த் துண்டு. இல்லை. ஒவ்வொரு தடவையும் கான்ஸ்டபிள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் உள்ள போ" என்பார். கழுத்தளவில் நின்று கடைசியாக ஒரு கையை உயர்த்தினார். கையில் கறுப்பாக ஏதோ இருந்தது, சேறாகவும் இருக்கலாம். என்ன கேட்டார் என்று காற்றில் கேட்கவில்லை. அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் கை மட்டும் தெரிந்தது. அப்புறம் கயிறு தேடினார்கள்.

அசலே கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாய் வரைக்கும் வந்தது சார். சொன்னால் அண்ணாச்சி எவ்வளவு அவமானப்படுவார் என்று நினைத்தேன்.

காணவில்லை என்று அண்ணாச்சி பேப்பரில் படம் போட்டிருக்காவிட்டால், கன்னத் தகட்டில் தன் சுத்தி நழுவிய பள்ளத்தை வேலு பார்த்திருக்க மாட்டார். பார்த்துவிட்டார். அதனால் மறைக்க ஒன்றுமில்லை. பூசியது நான், புதைத்தது நான், விற்றது நான். மாற்றிவிட்டார்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னதும் பொய்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஆற்றங்கரை விஷயத்தை மட்டும் தனியாக எழுதுங்கள். அந்தம்மா எடுத்துக் காட்டியதில் எதுவுமே அந்தக் கவசம் இல்லை. கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் உண்மையைத்தான் சொன்னேன்.