மலைப்பக்கம், ஊர்ப்பக்கம்

— அதுக்குத்தான் வாசல்ல பாத்ததும் கூப்பிட்டீங்களா சார்? நான் என்னமோ முதல் வரிசையில சேர் போட்டு உக்கார வைக்கப் போறீங்கன்னு நெனச்சேன்.

— பாருங்க த்ரிசலா மிஸ், வெளையாட நேரமில்ல. சீஃப் கெஸ்ட் வந்து உக்காந்துட்டாரு. பொன்னாடை போத்திக்கினு இருக்காங்க. அடுத்து நம்ம ரோபோ சென்டர் பசங்கதான். ஒரே நிமிஷம் மேடைக்குப் பின்னாடி வந்து அந்த நந்தியப் பாத்துட்டுப் போயிடுங்க.

— நந்திக்கு உடம்பு சரியில்லையா?

— உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. ஜோரா ஓடுது. தெர்மாகோல் மலைய எங்கயும் இடிக்கல. லிங்கம் வந்தா நிக்குது, மணி அடிக்குது, மறுபடியும் கெளம்புது. ஆனா...

— ஆனா?

— மாத்தி சுத்துது.

— புரியல சார். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

— வலம் வராம இடம் வருது மிஸ். போதுமா? என் வாயால சொல்ல வெச்சு சந்தோஷப்படறீங்க.

— சந்தோஷம்தான். எதுக்கு மறைக்கணும்? திருவண்ணாமலையில, கிரிவலம் போற ரோபோ, ஊரே பாக்க எடம் வரப்போவுது. சாவு வீட்லதான் சார் அப்படி சுத்துவாங்க.

— மெதுவா பேசுங்க, பேரண்ட்ஸ் காதுல விழுந்துடும். பாருங்க, நான் யாரையும் குத்தம் சொல்லல. உங்க மேல விசுவாசமா இருக்கறவங்க யாராவது ஒயர்ல கை வெச்சிருக்கலாம்.

— யாரும் கை வெக்கல. நீங்க வெச்சீங்களா?

— வேற வழி? ரெண்டு மோட்டர் ஒயரையும் திருப்பிப் போட்டுப் பாத்தேன்.

— என்ன ஆச்சு?

— பின்னாலயே நடக்க ஆரம்பிச்சிடுச்சு. திரும்பவும் பழையபடி மாட்டிட்டேன். ஏன் மிஸ் இப்படி சிரிக்கறீங்க? வாட்ச்மேன் பாக்கறான்.

— பாக்கட்டும். அன்னிக்கும்தான் வாட்ச்மேன் பாத்துக்கினு இருந்தான்.

— இன்னும் அதையேவா? அதெல்லாம் ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நான் மறந்துட்டேன்.

— நீங்க மறப்பீங்க. கொட்டினது என் பைதானே, உங்க பையா? பசங்க வட்டமா உக்காந்திருக்காங்க, அவங்க அம்மாங்க வாசல்ல நிக்கறாங்க. என் டிபன் பாக்ஸ், சீப்பு, துணி, எல்லாத்தையும் மேசை மேல கவுத்தீங்க. கவுத்துட்டு, அதுலேருந்து அந்த மோட்டர ரெண்டு வெரலால தூக்கிக் காட்டினீங்க பாருங்க. செத்த எலியத் தூக்கற மாதிரி.

— மோட்டர் காணாமப் போச்சு, தேடினேன். உங்க பையில இருந்துச்சு. நான் என்ன பண்றது?

— தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அதுக்கப்புறம் அடி அண்ணாமலையில என் சொந்த கிளாஸுக்கு ஒரு புள்ள வரல. தரையில உக்காந்து ஒயர் சீவ கத்துக் குடுத்த புள்ளைங்க சார் அதுங்க. இப்ப நான் செங்கம் ரோட்டு காபிக் கடையில வெள்ளைக்காரங்களுக்கு பில்லு போட்டுக்கினு இருக்கேன். குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம். என் பாடத்த எல்லாம் உங்க பேர்ல புஸ்தகமா போட்டீங்க.

— சரி, தப்புதான். அடுத்த பிரிண்ட்ல உங்க பேரையும் போட்டுடறேன். சென்டருக்கே திரும்ப வந்துடுங்க. பெருசா எடுத்துக்காதீங்க.

— பேரு வேணாம். வேலையும் வேணாம். எங்க அம்மா எறும்ப மிதிச்சாகூட அன்னிக்கெல்லாம் வருத்தப்படுவாங்க. அவங்க வயித்துல பொறந்துட்டு, உங்க மானம் போறதப் பாக்கணும்னே ஆட்டோ புடிச்சு வேங்கிக்காலுக்கு வந்திருக்கேன். அந்த அளவுக்கு என்னை ஆக்கி வெச்சிருக்கீங்க.

— அப்ப நந்தி கெட்டுப் போனது உங்களுக்கு முன்னாடியே தெரியும்!

— சத்தியமா தெரியாது. ஏதாவது ஆகணும்னு வேண்டிக்கினு வந்தேன். இவ்ளோ அழகா ஆகும்னு எதிர்பாக்கல.

— அப்ப வேற என்னதான் காரணம்? எல்லாம் உங்க பாடப்படி எழுதினதுதானே? ஒரு வார்த்தைகூட விடல.

— ஒரு வார்த்தைகூட மாத்தலையா?

— அது வந்து... மாத்தல. ரெண்டு வார்த்தைதான்.

— எந்த ரெண்டு?

— மலைப்பக்கம் திரும்பு, ஊர்ப்பக்கம் திரும்புன்னு எழுதி வெச்சிருந்தீங்க. புஸ்தகமா போடும்போது பட்டிக்காடா தெரிஞ்சுது. டீசண்டா இருக்கட்டும்னு எடது, வலதுன்னு நானே மாத்தினேன். லேப்டாப்லயும் ஒண்ணு விடாம மாத்தியாச்சு.

— பட்டிக்காடு இல்ல சார். அந்த வார்த்தை இருந்தா பாடம் யாருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அதுக்காக மாத்தினீங்க. போகட்டும். எத எதுவா மாத்தினீங்க?

— மலைப்பக்கம்னா எடது. ஊர்ப்பக்கம்னா வலது.

— இன்னொரு தடவ சொல்லுங்க.

— மலைப்பக்கம் எடது. ஊர்... இதுல என்ன தப்பு? தெனமும் பாக்கற மலைதானே!

— எங்கேருந்து பாக்கறீங்க?

— எங்கேருந்துன்னா? கார்லேருந்து. வீட்லேருந்து சென்டருக்கு வரும்போது.

— உங்க வீடு ஆசிரமத்தத் தாண்டி இருக்குது. அங்கேருந்து ஊருக்குள்ள வந்தா மலை உங்களுக்கு எடது கைப்பக்கம். சரிதான். ஆனா கிரிவலம் போற சனம் ஊர்லேருந்து ஆசிரமத்துப் பக்கம் போகும் சார். உங்களுக்கு எதுத்தாப்புல.

— அட, ஆமா! நான் எதுத்தாப்புல இல்ல வரேன்!

— கார் கண்ணாடியில அண்ணாமலையார் பேர இவ்ளோ பெருசா எழுதி வெச்சிருக்கீங்களே, ஒரு தடவையாவது செருப்பக் கழட்டிட்டு நடந்திருக்கீங்களா?

— கால் வலி மிஸ், டாக்டர் நடக்கக் கூடாதுன்னு...

— நாங்க ஜைனங்க. எங்க வீட்ல யாரும் கிரிவலம் போனதில்ல. ஆனா பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில நின்னு தண்ணி ஊத்தியிருக்கேன். வர்ற சனம் அத்தனைக்கும் மலை வலது கைப்பக்கம். கைக்கொழந்தைக்குகூட தெரியும். நந்தி மேல ஒரு தப்பும் இல்ல. அதுக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வெச்சோம். மலைய எந்தப் பக்கம் வெச்சுக்கினு போன்னு சொல்றோமோ அந்தப் பக்கம் வெச்சுக்கினு போவும். நீங்க எடதுன்னு சொன்னீங்க, அது எடம் வருது. சொன்ன பேச்சக் கேக்குது, பாவம்.

— அவ்ளோதானா! அப்ப திருப்பி மாத்திட்டா சரியாயிடும்! வாங்க மிஸ், வந்து மாத்திக் குடுங்க. எல்லா வரியிலயும் இருக்குது, என்னால சட்டுனு முடியாது.

— நான் தொட மாட்டேன். நான் கை வெச்சப்புறம் ஏதாவது காணாமப் போனா? மறுபடியும் என் பையக் கொட்டுவீங்க.

— கால்ல வேணா விழறேன்.

— கால் வேணாம். மேடையேறி மைக்க வாங்கி, அன்னிக்கு இருந்த அதே அம்மாங்க முன்னால, த்ரிசலா திருடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உப்புத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்.

— அதெப்படி மிஸ் முடியும்? பையில இருந்துச்சே, எல்லாரும் பாத்தாங்களே! நீங்களே சொல்லுங்க, அது எப்படி உள்ள வந்துச்சு?

— தெரியாது. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். ஏதோ ஞாபகத்துல நானே போட்டுக்கிட்டேனோன்னு சில நேரம் தோணும். அப்படித் தோணும்போதுதான் உங்க மேல கோவம் தலைக்கேறும். என்னையே நம்ப முடியாமப் பண்ணிட்டீங்களே.

— ஆங், அதான், ஞாபக மறதி! அப்படியே சொல்லிடறேன். மிஸ் மறதியா போட்டுக்கிட்டாங்க, திருடலன்னு.

— அப்படி ஒரு பிச்சை எனக்கு வேணாம். நான் வரேன் சார். வெளிய நின்னு கைத்தட்டல கேட்டுக்கறேன்.

— மிஸ்! நில்லுங்க! என்னை விடுங்க. மைக் புடிச்சு பேசப்போறது யாரு தெரியுமா? என் பொண்ணு கீதாஞ்சலி. எல்லாரும் சிரிச்சா அந்தப் புள்ள தாங்குமா?

— அவள முன்னால நிறுத்தி என்னை அடிக்காதீங்க.

— உங்க செல்லமாச்சே அவ.

— செல்லந்தான். அந்த ரெண்டு வார்த்தையும் யாருக்காக வந்துச்சு தெரியுமா? அவளுக்காகத்தான். எடக்கைப் புள்ள. எடது எது வலது எதுன்னு தடுமாறி நிப்பா, மத்த பசங்க பீச்சாங்கைன்னு கேலி பண்ணுவாங்க. அப்பதான் சொன்னேன், கண்ணு, நீ கிரிவலம் போறன்னு நெனச்சுக்கோ, மலைப்பக்கம் ஒரு கை, ஊர்ப்பக்கம் ஒரு கைன்னு. அன்னியிலேருந்து அவ ஒரு தப்பு பண்ணல. உங்க சொந்தப் பொண்ணோட வார்த்தையத்தான் சார் அழிச்சீங்க.

— எனக்கு எப்படி மிஸ் தெரியும்?

— பை கொட்டின நாள்லேருந்து அவ என்னை எங்க பாத்தாலும் தலையக் குனிஞ்சுக்கறா. கடைத்தெருவுல பாத்தா அந்தப் பக்கம் போயிடறா. அவளும் என்னைத் திருடின்னு நெனைக்கறா பாருங்க, அதுதான் எனக்கு அடி. மத்ததெல்லாம் தாங்கிக்குவேன். அதுக்காகவாவது நீங்க இன்னிக்கு நல்லா அவமானப்படணும்.

— அப்பா! இங்க இருக்கீங்களா? நம்ம சென்டர் பேர கூப்பிட்டுட்டாங்க.

— கீதா! கண்ணு, கொஞ்ச நேரம் சமாளிக்கச் சொல்லும்மா. நந்தி இன்னும்...

— சரி பண்ணிட்டேன்பா.

— என்னது?

— நீங்க மலைப்பக்கத்த எடதுன்னு போட்டு வெச்சிருந்தீங்க. எல்லாத்தையும் எடுத்துட்டு மிஸ் சொன்ன மாதிரியே திரும்ப எழுதிட்டேன். மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். வலமாதான் வருது.

— என் தங்கமே! பாத்தீங்களா மிஸ்? ரத்தம்ன்றது இதுதான்! அப்பா மானத்தக் காப்பாத்திட்டா என் பொண்ணு! வா, வா, மேடைக்குப் போலாம்.

— மிஸ், நீங்களும் உள்ள வாங்க. முதல் வரிசையில சேர் போட்டு வெச்சிருக்கேன்.

— நான் எதுக்குடா கண்ணு? நீ என்னை நிமிந்து பாத்ததே போதும்.

— இல்ல மிஸ், நீங்க இருக்கணும். அப்பா, மைக்ல நான்தானே பேசணும்?

— நீதாண்டா! நல்லா சத்தமா பேசணும், கடைசி வரிசைக்கும் கேக்கற மாதிரி!

— அப்ப, மிஸ் பையில நீங்க மோட்டர் வெச்சத நான் பாத்தேன்ல, அத முதல்லயே சொல்லிடட்டுமா, இல்ல நந்தி ஒரு சுத்து வந்து முடிச்சப்புறம் சொல்லட்டுமாப்பா?