எண்ணி நிரம்ப மூன்று நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் முன்னாள் இயக்குநர் காமென் த்ராகியெவ் அவர்களே! ப்ளோவ்திவ் மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே! தாயின் படத்தருகே இருக்கும் மகள் ஸ்னெஜினா அவர்களே! உடன் உழைத்த தோழர்களே! வணக்கம்.

நம் ரதோஸ்தினா மறைந்து இன்று நாற்பதாம் நாள். நம் வழக்கப்படி இனிப்புக் கோதுமை கொடுத்தாயிற்று, அவர் நினைவாக ஒயினைத் தரையில் ஊற்றியாயிற்று, அழுதும் ஓய்ந்தோம். இனிப் பெருமைப்படுவோம்! யார் இந்த ரதோஸ்தினா ஜெலெவா? நோயாளியின் கைக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் நம் பம்புகளின் இயங்குதளத்துக்கு உயிர்நாடியான கெர்னலைக் கட்டிக் காத்த பொறியாளர்!

அந்தக் கெர்னல் நேரத்தை அறிவது ‘எண்ணி’ என்னும் ஒரு கவுண்டரைப் பார்த்து. மில்லி நொடிக்கு ஒன்றாகக் கூடும் அந்த எண்ணி, நாற்பத்தொன்பது நாள் பதினேழு மணி நேரத்தில் நிரம்பி, பழைய காரின் கிலோமீட்டர் கணக்குப் போலச் சுழியத்துக்குத் திரும்பிவிடும். அந்த வேளையில் பம்பு என்ன செய்யும்? பதினெட்டு ஆண்டுக்கு முன் நம்மில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. அவர் கேட்டார்!

முதல் நூற்றிருபது பம்புகள் பெட்டியில் ஏறிவிட்டன. அவர் கையெழுத்துப் போட மறுத்தார். இயக்குநர் கொதித்தார்.

“லாரி வாசல்ல நிக்குது ரதோஸ்தினா! ரெண்டு வருஷம் சோதிச்சோமே, ஒண்ணும் ஆகலையேம்மா!”

“அம்பது நாள் சேர்ந்தாப்ல எதை ஓட்டினீங்க சார்? ஈஸ்டர் வந்தா மெயினை அணைக்கிறீங்க. ஆகஸ்ட் வந்தா மெயினை அணைச்சிட்டுக் கடலுக்கு ஓடுறீங்க. பம்பும் உங்களோட சேர்ந்து லீவு போடுது!”

ஒரு பம்பை எடுத்தார். எண்ணி சுழியத்திலிருந்து தொடங்காமல், நிரம்புவதற்கு மூன்று நிமிடம் முன்னதாகத் தொடங்கும்படி மாற்றினார். இயக்குநரின் மேசையில் வைத்தார். “காபி குடிங்க சார், மூணே நிமிஷம்.”

இருபது நொடிக்கு ஒரு சொட்டு. சரியாகத்தான் விழுந்தது. பிறகு திடீரென்று தாரையாகக் கொட்டியது! கோப்பெல்லாம் ஈரம்.

“ஐயோ, நிறுத்தும்மா!”

“வார்டுல யாரு சார் நிறுத்துவா?”

லாரி திரும்பிப் போனது. அடுத்த சொட்டுக்குக் குறித்த எண் சுழியத்தைக் கடந்து சிறியதாகிவிட, எண்ணி எப்போதும் அதைத் தாண்டியதாகவே பம்புக்குத் தோன்றியிருக்கிறது. ஆறு வாரம் உட்கார்ந்து நிரலை வரி வரியாகத் திருத்தினார். ‘எண்ணி, அடுத்த சொட்டுக்குக் குறித்த எண்ணைத் தாண்டிவிட்டதா?’ என்று கேட்ட இடத்திலெல்லாம், ‘போன சொட்டிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று கேட்க வைத்தார். அன்று முதல் நம் பம்பு ஒவ்வொன்றும் அந்த மூன்று நிமிடத்திலிருந்தே விழிக்கிறது. எண்ணி திரும்பும் கண்டத்தை நம் மேசையிலேயே தாண்டிவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போகிறது. எத்தனை பெரிய காரியம்!

ஆனால் தாமதத்தின் பழி அவர் தலையில் விழுந்தது. தலைமைப் பொறியாளர் பதவி அவருக்கு வரவில்லை. யாருக்கு வந்தது? எனக்கு! அந்தத் தவறான வரியை எழுதியது யார்? அதுவும் நான்தான். இந்த வெலிசார் கோச்செவ்!

(மேடையிலிருந்து இயக்குநர்: “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா!”)

சொல்லியிருக்கலாம் ஐயா. பயந்தேன். வெட்கமாக இருக்கிறது. தாமதம் பற்றிய அறிக்கையில் அவர் ‘பிழை எங்கள் குழுவுடையது’ என்று மட்டும் எழுதினார். ஏன் என் பெயரைப் போடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “போட்டிருந்தா, அடுத்த தப்பை எவன்டா எங்கிட்ட கொண்டுவந்து காட்டுவான்? போய் வேலையைப் பாரு” என்றார். அதன்பின் இந்த நிறுவனத்தில் ஒருவரும் தம் பிழையை அவரிடம் மறைத்ததில்லை. அதைவிடப் பெரிய பதவி உண்டா?

தோழர்களே! புதிய பதிப்பில் அந்த மூன்று நிமிடத்தை எடுத்துவிடலாம், சோதனைக்கு நேரம் வீணாகிறது என்று ஒரு கோரிக்கை என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் இருக்கும்வரை அதில் கையெழுத்து விழாது. நான் போன பிறகும் விழாதிருக்க, ஏன் கூடாது என்பதை, நிரலில் அந்த மூன்று நிமிடத்தை வைக்கும் வரியின் மேலேயே நாளை குறிப்பாக எழுதி வைக்கப்போகிறேன்.

ஸ்னெஜினா, உங்கள் அம்மா வேலையைத் தாமதப்படுத்தியதால் பதவி இழந்தார் என்றுதானே உங்கள் வீட்டில் பேச்சு? அந்தத் தாமதம் அவரால் வந்ததல்ல, என் பிழையால் வந்தது. வெலிசார் கோச்செவின் பிழையை அவர் தடுத்தார் என்று அந்தக் குறிப்பில் என் பெயர் சொல்லியே நாளை எழுதுகிறேன். நீங்கள் வந்து பக்கத்தில் நின்று படித்துப் பாருங்கள்.