ஒன்பது நாள் ஆயுள்

புது மொசரெல்லா சீஸை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சாப்பிடக்கூடாது, மேடம். அரை மணி நேரம் வெளியே வைத்தால்தான் பால் வாசனை எழும்பி வரும். முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. குளிரக் குளிரக் கடித்துவிட்டு, ருசியே இல்லை என்று எங்களைத் திட்டுவார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கும் அவசரமில்லை. பன்னிரண்டு வருடம் அவசரத்திலேயே ஓடிவிட்டது. இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முதுகு சாய்கிறது.

தண்ணீரில் மிதக்கும் அந்த வெள்ளை உருண்டைக்கு ஆயுள் ஒன்பது நாள். மற்ற சீஸெல்லாம் மாதக்கணக்கில் அலமாரியில் கால் நீட்டிப் படுத்திருக்கும். இது அப்படியில்லை. பிறந்த அன்றே வண்டி ஏற வேண்டும். வண்டியில் குளிர் குறைந்தால் போச்சு, வழியில் டயர் வெடித்தால் போச்சு, வெயில் காலத்தில் மாடு பால் குறைத்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். தொழிற்சாலை மேலாளர் என்று பலகையில் போட்டிருந்தார்கள். உண்மையில் நான் ஒரு ஓட்டப்பந்தயக்காரன். முதலாளி வெளிநாட்டில் இருந்தார். மாதம் ஒருமுறை போன் செய்து, "வண்டி ஓடுதுல்ல?" என்று கேட்பார். "ஓடுதுங்க" என்பேன். அவ்வளவுதான் எங்கள் நிர்வாகம்.

போன கோடையில் எங்கள் போட்டிக் கம்பெனியின் கொதிகலன் பழுதாகி, அவர்கள் ஒரு மாதம் மூடினார்கள். அவர்களுடைய வாடிக்கையெல்லாம் எங்களிடம் வந்து விழுந்தது. ஹோட்டல்கள், கடைகள், ஒரு முதியோர் இல்லம், ஒரு பிரசவ மருத்துவமனையின் சமையலறை. தலைகீழாக நின்று கொடுத்தோம். ஒருவரைக்கூட இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கண்ணாடியக்கா வந்து நின்றாள். பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபப்படமாட்டாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால், மேலாளர் என்றும் பாராமல் தம்பி என்றுதான் அழைப்பாள்.

"தம்பி, குளிர்நீர்த் தொட்டியில கிருமி இருக்கு. சாதாரணக் கிருமி இல்ல. குளிர்லயும் வளர்ற ஜாதி."

"எப்ப எடுத்த தண்ணி?"

"போன வாரத்தது. இப்பத்தான் முடிவு வந்துச்சு. தொட்டியப் பிரிச்சுக் கழுவணும், குழாயெல்லாம் மாத்தணும். நாலு நாளு மூடியே ஆகணும்."

உருண்டை பிடித்த சூட்டோடு அந்தத் தொட்டியில்தான் போடுவோம். அதைப் பிரித்தால் தொழிற்சாலை நின்றது என்று அர்த்தம். போன வாரத்துச் சரக்கோ அதற்குள் எல்லார் வயிற்றிலும் இருந்தது. யாரும் காய்ச்சல் என்று வரவில்லை. இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"வயசானவங்களுக்கும் பிள்ளத்தாச்சிகளுக்கும் ஆகாது தம்பி. உள்ள போயி மெதுவாத்தான் வேலையக் காட்டும்" என்றாள்.

"சரிக்கா, ஞாயித்துக்கிழமை நானே நின்னு மருந்து ஊத்திக் கழுவுறேன். அப்புறம் ஒரு தடவ பாப்போம். அப்பவும் இருந்தா மூடிடலாம்."

சொன்னபடி கழுவினேன். முட்டிவரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு பேரை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை தேய்த்தோம். குழாயைப் பிரிக்கவில்லை, அதற்கு ஆளுமில்லை, நேரமுமில்லை. மறுநாள் சோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கத் தொட்டி ஏணியில் அக்கா ஏறப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி. "நீங்க இருங்கக்கா, நான் எடுத்துத் தர்றேன்" என்று பஞ்சுக் குச்சியை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குச்சியைத் தொட்டிக்குள் விடவில்லை, மேடம். என் அறையில் வெந்நீர்க் கெட்டில் ஒன்று உண்டு. அதில் காய்ச்சி ஆறவைத்த நீரில் முக்கி, சோதனைக் குழாயில் போட்டு மூடிக் கொடுத்தேன்.

என்னைத் தவறாக எண்ணாதீர்கள். தொட்டி சுத்தமாகிவிட்டது என்றுதான் நம்பினேன். சுத்தமாக இருந்தால் சோதித்து என்ன ஆகப் போகிறது? சுத்தமாக இல்லையென்றால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நாலு நாள் மூடினால் வாடிக்கை கைமாறிவிடும். கடையில் ஒருமுறை இடம் போனால் போனதுதான். எண்பத்து நாலு பேர் வேலை பார்த்த இடம் அது.

முடிவு சுத்தம் என்று வந்தது. அக்கா குழந்தை மாதிரி சிரித்தாள். "கைராசிக்காரன்டா நீ" என்று என் முதுகில் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வாராவாரம் நான்தான் ஏணி ஏறினேன். முதல் வாரத்தோடு சேர்த்துப் பதினோரு வாரம்.

விசாரணையில் நீங்கள் இதைக் கண்டுபிடித்தது எனக்கு ஆச்சரியமில்லை. பதினோரு குச்சியிலும் எந்தக் கிருமியும் இல்லை, தீங்கில்லாதது ஒன்றுகூட இல்லை, தொட்டி நீரில் இருக்க வேண்டிய உப்புகூட இல்லை என்றீர்கள். உலகத்தில் அவ்வளவு சுத்தமான தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு சிட்டிகை உப்பாவது போட்டிருக்கலாம்.

அக்கா சிறையில் இருப்பது எனக்கும் வருத்தம்தான். கையெழுத்து அவளுடையது, சட்டம் அதைத்தானே பார்க்கும். என்னிடம் கேட்டார்கள், சோதனை அவள் பொறுப்பு என்றேன். அது பொய்யில்லையே. இரண்டு முறை ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

"என் கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல தம்பி. எதையோ பாக்காம விட்டுட்டேன். சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல, நீ மட்டுந்தான் வந்தே."

"மனசத் தளரவிடாதீங்கக்கா" என்றேன். வேறு யார் போய்ச் சொல்வார்கள்? மறுநாள் அவளுக்குப் புதுக் கண்ணாடிக்கும் ஏற்பாடு செய்தேன்.

செத்தவர்கள் ஏழு பேர் என்று பத்திரிகையில் போட்டார்கள். அதில் மட்டும் எனக்கு ஒரு சின்ன ஆட்சேபணை. முதியோர் இல்லத்தில் நாலு பேர், சரி. அவர்களும் எண்பதைத் தாண்டியவர்கள். மிச்சம் மூன்றும் அந்த மருத்துவமனையில், வயிற்றிலேயே போனவை. வெளிச்சத்தையே பார்க்காததைப் பேர் என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பது? நாலு என்று திருத்திப் போட்டால் நன்றாக இருக்கும்.

நம்பித்தான் செய்தேன் என்கிறேன், நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், நான் எப்படிப்பட்டவன் என்று சொல்வார்கள். மகள் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. கொழுகொழுவென்று இருக்கிறாள், ஒரு தும்மல்கூடக் கிடையாது. என் மனைவிக்கு எங்கள் மொசரெல்லா என்றால் உயிர். கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுப்பேன். இடையில் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்பாள்.

"ஏங்க, இந்த வாரமும் கொண்டு வரலையா?"

"பிள்ள நல்லபடியாப் பொறக்கட்டும்மா" என்பேன். "அதுவரைக்கும் அதத் தொடவே வேண்டாம்."