பத்திரிகையில் விட்டுப்போன பெயர்

பந்தல் கால் ஊன்றியதிலிருந்து பம்பரமாய்ச் சுற்றிவிட்டு, ஒன்றுமே செய்யாதவர் போலத் தலைமை நாற்காலியில் அடக்கமாக அமர்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் நாகநாதன் அய்யா அவர்களே! மிளகாய்க்காட்டு வேலையைப் போட்டுவிட்டு மேடைக்கு வந்திருக்கும் பாண்டித்துரை அண்ணன் அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலியில், ஆம், பக்கத்து நாற்காலியிலேயே அமர்ந்திருக்கும் அவருடைய மைத்துனர் இருளாண்டி அண்ணன் அவர்களே! கீழக்கரையிலிருந்து வந்திருக்கும் அச்சக உரிமையாளர் தாஹா அவர்களே! சமைத்த கை காயுமுன் ஓடிவந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே! வேப்பமர நிழலில் நின்றே கேட்பேன் என்று அடம்பிடிக்கும் பெரியவர்களே! இந்த விழாவின் உண்மையான நாயகர்களான என் இருபது செல்வங்களே! ஐந்தாம் வகுப்பு ஆசிரியை மாரிச்செல்வியின் அன்பு வணக்கம் உங்கள் எல்லோருக்கும்!

வாசிப்பறையைத் திறந்துவிட்டோம். அலமாரி வந்துவிட்டது, பாய் வந்துவிட்டது, புத்தகங்கள் வந்துவிட்டன. பார்க்கப் பார்க்கப் பரவசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அறைக்கு அடித்தளம் போட்டது எது? செங்கல்லா? சிமெண்டா? இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முதலில் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். ஏனென்றால் கதை என் தவறில்தான் தொடங்குகிறது.

போன ஆண்டு இந்தப் பள்ளிக்கு வந்தேன். பிள்ளைகள் பாடத்தை வாசித்தார்கள். அடடா, என்ன வாசிப்பு! ஒரே குரல், ஒரே தாளம், ஒரே முழக்கம். அதிலும் கணீரென்று ஒலித்தது ஒரு குரல். பாண்டித்துரை அண்ணனின் இளைய மகள் சண்முகவள்ளியின் குரல். இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று மலைத்தேன். மகிழ்ந்தேன். ஏமாந்தேன்!

ஆடி மாதம், ஜன்னல் வழியாகக் கச்சான் காற்று சுழன்று அடிக்கிறது. சண்முகவள்ளி எழுந்து நின்று வாசிக்கிறாள். காற்று அவள் புத்தகத்தில் நான்கு பக்கத்தைப் புரட்டிவிட்டது. இவள் குரல் நின்றதா? நிற்கவில்லை! பக்கம் மாறியது, பாடம் மாறியது, படம்கூட மாறியது. அவள் மட்டும் பழைய பாடத்தையே பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அருகில் போய் ஒரு சொல்லில் விரல் வைத்து, "இது என்னம்மா?" என்றேன். என்னையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

அன்றே அவள் அப்பாவை அழைத்துச் சொன்னேன். அவரிடம் அனுமதி வாங்கித்தான் இதை மேடையில் சொல்கிறேன், அதோ தலையாட்டுகிறார். அன்று அவர் ஆட்டியது தலையை அல்ல, பள்ளிக்கூடத்தையே!

"எம் மவளுக்கு வாசிக்கத் தெரியலையா? வீட்ல புத்தகத்தைத் தொறந்தா மழை மாதிரி கொட்டுறா. நீங்க வந்து ஒரு மாசம் ஆகல, பிள்ளையைக் கொறை சொல்ல வந்துட்டீங்களா?" என்றார்.

பிறகு நான் இரண்டாம் தவறைச் செய்தேன். வழவழப்பான கதைப் புத்தகங்களாகத் தேடித் தேடி வாங்கிவந்தேன். எல்லாவற்றிலும் பனிமலை, பனிமலையில் வழுக்கும் கரடிக் குட்டி. ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இம்புட்டு ஐஸையும் எந்தப் பொட்டியில வச்சிருந்தாக?" அவன் அறிந்த பனிக்கட்டி மீன் வண்டியின் பெட்டிக்குள் இருக்கிறது! புத்தகம் நல்ல புத்தகம்தான். ஆனால் முதல் எழுத்துக்கே திணறும் பிள்ளை, எழுத்தோடு போராடுவானா, அந்தக் கரடியோடு போராடுவானா?

யோசித்தேன். நம் வீடுகளில் எல்லோரும் ஆசையாக எடுத்துப் பார்க்கும் தமிழ் எது? ஆணியில் மாட்டி, அலமாரியில் செருகி, ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கும் தமிழ் எது? கல்யாணப் பத்திரிகை! அதன் கடைசி வரியில் யார் இருக்கிறார்கள்? "எங்க அக்கா கல்யாணத்துக்கு மறக்காம வந்துருங்க" என்று நம் வீட்டு வாண்டுகள் வரிசையாக நிற்கிறார்கள். பிள்ளையின் பெயரே அச்சில் இருக்கிறது! அதைவிட நல்ல முதல் பாடத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

கொண்டுவரச் சொன்னேன். குவித்துவிட்டார்கள். முதலில் உன் பெயரைத் தேடு. பிறகு உனக்குத் தெரிந்தவர் பெயரைத் தேடு. பிறகு ஊர்: நயினார்கோவில் எங்கே, சிக்கல் எங்கே, கீழக்கரை எங்கே? சுபமுகூர்த்தத்தையும் எழுத்துக் கூட்டினார்கள், நிக்காஹையும் எழுத்துக் கூட்டினார்கள். ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன். விரல் வைத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒன்றையும் தாவக் கூடாது.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பாண்டித்துரை அண்ணன் எழுந்தார்.

"பாடப் புத்தகத்தை மூடி வச்சிட்டுப் பத்திரிகை படிக்கவா பிள்ளைகளை அனுப்புறோம்? இந்தக் கூத்தை நிப்பாட்டுங்க. இல்லைன்னா அரையாண்டு முடிஞ்சதும் எம் மவளுக்கு டி.சி. குடுத்துருங்க."

அவர் ஒருவர் எழுந்ததும் நான்கு பேர் தலையசைத்தார்கள். பள்ளி மொத்தத்திலும் இருந்ததே பத்தொன்பது பிள்ளைகள். ஐந்து பேர் போனால் பள்ளி என்னாவது? அதைவிட, அப்போதுதான் எழுத்தைப் பிடிக்கத் தொடங்கிய சண்முகவள்ளி என்னாவாள்? வேறு பள்ளியில் மறுபடியும் ஒப்பிப்பாள், மறுபடியும் ஒளிவாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தலைமையாசிரியர்தான் அரையாண்டு வரை பொறுக்கச் சொல்லி எல்லோரையும் இருத்தினார்.

அந்த நேரத்தில்தான் அண்ணனின் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடியது!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுக்கு முன் சண்முகவள்ளிக்குக் காதுகுத்து. அந்தப் பத்திரிகையில் தாய்மாமன் இருளாண்டியின் பெயர் மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டது. நம் ஊரில் அது சின்ன விஷயமா? மாமன் விழாவுக்கு வரவில்லை. பிள்ளைக்கு மாமன் மடி கிடைக்கவில்லை. யார் மடியிலோ வைத்துக் காது குத்தினார்கள். எட்டு ஆண்டு பேச்சில்லை. கல்யாணம் கூடிய பிறகுதான் வெற்றிலை வைத்து அழைத்து, சமாதானமாகி, மாமன் வீட்டுக்கு வந்தார். பத்து வயதில் முதல்முறையாக அந்தப் பிள்ளை மாமா என்று கூப்பிட்டது.

ஒரு ஞாயிறு காலை. அவள் அம்மாவும் அக்காவும் சேலை எடுக்கப் பரமக்குடி போய்விட்டார்கள். கீழக்கரை அச்சகத்திலிருந்து பாண்டித்துரை அண்ணன் போனுக்குப் பத்திரிகையின் மாதிரி வந்தது, பத்து மணிக்கு மெஷினில் ஏற்ற வேண்டும் என்ற தகவலோடு. பங்காளிகள் ஐந்து பேர் பார்த்தார்கள். ஐந்து பேரும் என்ன பார்த்தார்கள்? அவரவர் பெயரைப் பார்த்தார்கள்! இருக்கிறதா, இருக்கிறது. சரி என்றார்கள். அண்ணனும் சரி என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் சண்முகவள்ளி போனை வாங்கினாள். விரல் வைத்தாள். முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.

"அய்யா, இருளாண்டி மாமா பேரு இதுல இல்ல."

"அஞ்சு பேரு பாத்தாச்சு, போ அங்கிட்டு."

"நான் ரெண்டு தடவை பாத்துட்டேன்யா. எழுத்து எழுத்தாப் பாத்தேன். மாமா இல்ல."

அழவில்லை, அசரவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்து ஒவ்வொரு பெயரின் மேலும் வைத்து வாசித்துக் காட்டினாள். அச்சுக் கோத்ததில் ஒரு வரி முழுவதும் விட்டுப்போயிருந்தது. மணி பத்தாக ஐந்து நிமிடம். தாஹா அவர்களை அழைத்தார்.

"மெஷினை நிப்பாட்டிட்டேன்ணே. அல்லாஹ் காப்பாத்தினான். யாருண்ணே கண்டுபிடிச்சது?"

"எம் மவ," என்றார் அண்ணன். "வாசிச்சா தாஹா. எம் மவ வாசிச்சா!"

தட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப் போகிறோம்?

மறுநாள் காலை பள்ளி வாசலில் நின்றார் அண்ணன். டி.சி. கேட்கத்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை. "வீட்ல கெடந்தது டீச்சர். பிள்ளைகளுக்கு ஆகும்ல?" என்றார். அன்று வந்தது பத்திரிகை, இன்று வந்தது அலமாரி. தாஹா அவர்கள் பெரிய எழுத்தில் வாசிப்பு அட்டை அச்சிட்டுத் தந்தார். என் பிள்ளைகள் பத்திரிகையில் தொடங்கிக் கதைக்குப் போனார்கள். அந்தக் கரடிக் குட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை, பனிமலையில் ஏறி வாசித்து முடித்துவிட்டார்கள்!

முடிக்கப் போகிறேன். உங்கள் கையில் இருக்கும் இந்த விழா அழைப்பிதழின் மாதிரியை நான்தான் சரிபார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். சண்முகவள்ளி கேட்டு வாங்கிப் பார்த்தாள். "டீச்சர், கடைசி வரியில பத்தொம்போது பேருதான் இருக்கு. காலிதா இல்ல" என்றாள். இரண்டு மாதத்துக்கு முன் கீழக்கரையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. நான் பழைய பட்டியலைக் கொடுத்துவிட்டேன். சபையோரே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட நானும் அன்று என் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்!

வாசிப்பு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். தன் பெயரைக் கண்டதும் நிற்காமல், அடுத்தவர் பெயரும் இருக்கிறதா என்று கடைசிவரை போவது. அதைக் கற்ற பிள்ளைகள் இருபது பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். இருளாண்டி அண்ணன் மடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் முதல் பிள்ளை!

காலிதா, மேடைக்கு வாம்மா. வந்தபோது ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளை இவள். இவள் அப்பா தவ்ஃபீக் துபாயிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலிதா அம்மா, போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. எழுத்தைத் தேடிவந்த ஒவ்வொரு விரலுக்கும் என் வணக்கம். இனி ஒலிபெருக்கி எனக்கு வேண்டாம். அழைப்பிதழின் கடைசி வரியை இப்போது காலிதா வாசிப்பாள். கடைசிப் பெயர் அவளுடையது. விரல் வை கண்ணு. வாசி.