படித்ததாகக் கொள்ளப்பட்டது

கோடு போட்ட தாளில் எழுதினால்தான் என் கையெழுத்து நேராக வரும். கேட்டவுடன் வரவழைத்துக் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. முதலிலிருந்து வரிசையாக எழுதச் சொன்னீர்கள். வரிசை எனக்குப் பழக்கமானதுதான், ஆனால் எது முதல் என்பதில் எப்போதும் ஒரு சந்தேகம் வந்துவிடும். மூன்று தடவை தொடங்கி அடித்துவிட்டேன். இது நான்காவது.

எனக்கு வயது இருபத்து நான்கு. பகலில் இரும்புக் கடையில் சரக்குச் சீட்டு எழுதுகிறேன். மாலையில் நகர மன்றத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அலுவலக எழுத்து வகுப்பு. அங்கே வாத்தியார் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். "ஏதாவது ஒரு கமிட்டியில போய் உக்காந்து மினிட்ஸ் எழுதுங்கப்பா, கை தானா ஓடும்" என்றும் சொன்னார். எங்கள் மன்றத்தில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் வேலை செய்யத்தான் ஆள் கிடையாது. சம்பளம் இல்லை, தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. நூலகக் குழு, பூங்காக் குழு, தெருவிளக்குக் குழு, கடைசியாகக் குடிநீர்க் குழு. நான்குக்கும் நான்தான் செயலாளர். யாரிடமும் பதவி கேட்டு நிற்கவில்லை. "யார் எழுதுறீங்க?" என்று கேட்டபோது கை தூக்கியது நான் ஒருவன்தான்.

"ஊர் வேலையையெல்லாம் உன் தலையில கட்டிட்டு அவங்க காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்கடா" என்பாள் அம்மா. எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு கூட்டத்தின் குறிப்பை எழுதி முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆகும். முதலில் கரட்டு வரைவு. பிறகு அதைச் சரிபார்ப்பது. பிறகு பெரிய பதிவேட்டில், தாளுக்கு ஒரு பக்கம் மட்டும், திருத்தமாக. அடுத்த கூட்டத்தில் அதை முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. குடிநீர்க் குழுத் தலைவருக்கு ஊரில் 'சீக்கிரம்' என்று பெயர். உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்ப்பார். "படிச்சதா வச்சுக்கலாமா?" என்பார். எல்லாக் கைகளும் தூங்கிக்கொண்டே உயரும். பதிவேடு மேசையைச் சுற்றி வரும். தலைவர் விரலை நாக்கில் ஒற்றி ஒற்றித் தாளைத் தள்ளுவார், கடைசிப் பக்கம் எங்கே என்று தேடுவதற்காக. மருந்துக்கடைக்காரர் பிஸ்கட்டின் கிரீமை நக்கிவிட்டு அதே விரலால் தள்ளுவார். ஓய்வுபெற்ற நில அளவையர் இருமலோடு தள்ளுவார். இப்படி எட்டுப் பேர். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் எச்சில் வாடை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய பிறகுதான் சாப்பிட உட்காருவேன். அப்படியும் சோறு இறங்காது.

நான் எழுதுவதில்தான் ஏதோ குறை என்று முதலில் நினைத்தேன். அதனால் ஒரு சோதனை செய்தேன். நூலகக் குழுவின் குறிப்பில், வாசிப்பு அறையின் வடக்கு மூலையில் நடுத்தர அளவுள்ள திமிங்கிலம் ஒன்றை வைத்து வளர்ப்பது என்று தீர்மானம் எழுதினேன். ஏகமனதாக நிறைவேறியது. ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குப்பா" என்றார். அன்றைக்குக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன்.

குழுவுக்கு வரும் தபாலைச் செயலாளர்தான் பிரிப்பார். ஒரு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பள்ளத் தெருவின் தண்ணீர்த் தொட்டியில் எடுத்த மாதிரியில் மலக்கிருமிகள் அளவுக்கு மீறி இருக்கின்றன, குடிக்கத் தகுதியற்றது, விநியோகத்தை உடனே நிறுத்தவும். மூன்றே வரிகள். நன்றாக எழுதப்பட்ட கடிதம்.

நான் அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு போய் ஏணியில் ஏறிப் பார்த்தேன். மூடி பாதி உடைந்து உள்ளே சாய்ந்திருந்தது. தண்ணீரின் மேல் பாலாடை கட்டினாற்போல் ஒரு படலம். அதில் புறா எச்சமும் இறகுகளும். வயிறு உப்பிய எலிகள் இரண்டு. ஒன்றுக்கு மயிரெல்லாம் கழன்று தோல் வெளுத்திருந்தது. சுவரோரம் விரல் வைத்தேன். சளி மாதிரி நூல் இழுத்துக்கொண்டு வந்தது. கீழே பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

முந்தைய கூட்டக் குறிப்பின் இறுதியில் 'இடையில் வந்த கடிதங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே, ஐந்தாம் பக்கத்தில், பதினேழாவது பத்தியாகக் கடிதத்தை முழுவதும் எழுதினேன். தொட்டியில் நான் கண்டதை அதற்குக் கீழே சேர்த்தேன். திமிங்கிலம் போல விளையாட்டு அல்ல, அத்தனையும் உண்மை. கையெழுத்துப் போடும் இடம் ஆறாம் பக்கம். ஒருவர் ஒரே ஒரு தாளைக் கண் திறந்து புரட்டினால் போதும்.

எங்கள் வீடு மேட்டுத் தெரு. அங்கே வேறு தொட்டி. பள்ளத் தெருவில் இருக்கும் அத்தையிடம் மட்டும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். "என்னடா, திடீர்னு டாக்டர் ஆயிட்டியா?" என்றாள். காரணம் சொல்லவில்லை. குழு ஏற்பதற்கு முன்னால் ஒரு பதிவை வெளியில் சொல்வது முறையா என்று இன்றுவரை எனக்கு உறுத்தல்தான்.

அந்தக் கூட்டத்துக்குப் புதிதாக ஓர் உறுப்பினர் வந்திருந்தார். பள்ளத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா. மாலைப் பள்ளியில் எங்களுக்கு அடுத்த அறையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தவர். குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லிச் சேர்த்துவிட்டவனே நான்தான். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகள். அக்கா தைத்த சட்டையில் மிஞ்சிய துணியெல்லாம் அவள் தலையில் நாடாவாக ஆடும்.

"ஐயா, எங்க தெருத் தண்ணி ஒரு மாதிரி நாறுதுங்க. குழந்தை குடிக்க மாட்டேங்குது" என்றார் அக்கா, எழுந்து நின்று.

"குழாய் புதுசும்மா. நாலு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார் சீக்கிரம்.

"போன மாசம் நான் வந்து கேட்டப்பவும் நாலு நாள்னுதான் சொன்னீங்க."

"அப்ப எட்டு நாளா வச்சுக்குங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பதில் அவர்கள் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தார்கள்.

பிறகு வழக்கம்போல. படித்ததாகக் கொள்ளப்பட்டது. கைகள் உயர்ந்தன. பதிவேடு சுற்றி வந்தது. ஒன்பது கையெழுத்துகள் விழுந்தன.

ஏற்கப்பட்ட குறிப்பைப் பற்றி எதுவும் பேசுவதானால் அடுத்த கூட்டத்தில்தான் பேச முடியும். அதற்கு முப்பது நாள் இருந்தது. நான் காத்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் பள்ளத் தெருவில் நான்கு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. பதினைந்தாம் நாள் பதினொரு பேர். பதினாறாம் நாள் அக்கா வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் தெருவில் பார்த்தேன். ஈரத்துணி மூட்டையைச் சுமந்துகொண்டு போனார். அருகில் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை வயித்துல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது தம்பி. தண்ணியாலதான் இருக்குமோ?"

"அடுத்த கூட்டத்துல கேளுங்க அக்கா" என்றேன்.

"அதுக்கு இன்னும் எத்தனை நாளு?"

"பதின்மூணு."

விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். நாட்குறிப்பில் இதை எழுதும்போது, கணக்கு சரிதானா என்று நாள்காட்டியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சரிதான்.

இருபத்து மூன்றாம் நாள் விடிகாலையில் அந்தக் குழந்தை இறந்துபோனது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு.

சுகாதார அதிகாரி அவசரக் கூட்டம் கூட்டினார். சீக்கிரம் அன்றைக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. "எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலைங்களே" என்றார். நில அளவையர் தலையாட்டினார். நான் எழுந்து பதிவேட்டைத் திறந்து, ஐந்தாம் பக்கத்தை மேசை நடுவில் வைத்தேன். அதிகாரி சத்தமாக வாசித்தார். எங்கள் குழுவில் ஒரு குறிப்பை ஒருவர் வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எலிகள் வரும் இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு ஆறாம் பக்கத்துக் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். மருந்துக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சீக்கிரத்தின் கன்னம் பிசைந்த மாவு போல ஆடியது. அந்த முகங்களை நான் வரிசையாகப் பார்த்தேன். ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இத்தோடு முடித்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன், ஐயா. சட்டப்படி என்மேல் என்ன குற்றம்? வந்த கடிதத்தை மறைக்கவில்லை, கிழிக்கவில்லை. விதியில் சொன்ன இடத்தில், சொன்ன முறையில் பதிந்திருக்கிறேன்.

ஆனால் அந்த அவசரக் கூட்டத்துக்குத் தையல் அக்காவும் வந்திருந்தார். கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி வாசித்து முடித்ததும் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"அஞ்சாம் பக்கத்திலயா தம்பி இருந்துச்சு? நான் நாலு வரைக்கும் படிச்சேனே."

ஒன்பது கையெழுத்துகள் விழுந்தன என்று மேலே எழுதியிருக்கிறேன். அது சரி. ஆனால் ஒன்பதாவது எப்படி விழுந்தது என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பதிவேடு கடைசியாக அக்காவிடம் போனது. அவர் கடைசிப் பக்கத்தைத் தேடவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கு அடியில் விரல் வைத்து, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார். "என்ன, பரீட்சைக்குப் படிக்கிறாங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "பாஸ் போட்டு அனுப்புங்கப்பா, நேரமாகுது" என்றார் சீக்கிரம். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நான் எழுதிய ஒவ்வொரு எழுத்தின்மேலும் ஒரு மனிதரின் விரல் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த விரல் சுத்தமாக இருந்தது. நான்காம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து, தாளைத் திருப்பப் போனார்.

நான் எழுந்து போய், அவர் கையிலிருந்து பதிவேட்டை வாங்கினேன். இரண்டு தாள்களையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பி, ஆறாம் பக்கத்தைக் காட்டினேன். "மீதி வழக்கமானதுதான் அக்கா. இங்க போடுங்க" என்றேன்.

"நீ சொன்னா சரிதான் தம்பி" என்று தன் பெயரை எழுதினார். புதிதாகக் கற்றது. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

ஏன் என்று நீங்கள் நான்கு நாளாகக் கேட்கிறீர்கள். இவ்வளவு எளிய விஷயம் உங்களுக்கு விளங்காதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் படித்திருந்தால், மற்ற எட்டுப் பேரும் படிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.