பின்பக்கம் தூக்கிய வண்டி

பின்பக்கம் உட்கார்ந்துபோன வண்டியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், ஐயா. பந்தியில் மூன்றாம் முறையும் பாயசம் வாங்கிவிட்டு எழ முடியாமல் தவிக்கிற ஆளைப் போல இருக்கும். வேறு யாரையும் சொல்லவில்லை, என்னைத்தான். உத்திராபதி ஸ்பிரிங் பட்டறை என்றால் கோட்டுச்சேரியில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாக ஊர் வண்டிகளை எல்லாம் நிமிர்த்திவிட்டேன். என் முதுகுதான் நிமிரவில்லை.

ராஜ்மோகனுடையது பழைய பிக்கப். மண்டபத்தூரிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டிதான் என் மகள் அல்லியை அடித்தது. காலை ஒன்பது மணி, பளிச்சென்று வெயில். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைதான் குறுக்கே வந்தது, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தான். ஊர் நம்பியது. நானும் நம்பினேன். அல்லி கொஞ்சம் பராக்குப் பார்க்கிறவள். அப்பனைக் கொண்டு பிறந்தவள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதான். நான்தான் கையைப் பிடித்து இழுத்து இலையில் உட்கார வைத்தேன். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அதோடு பகை முடிந்தது. எங்கள் பக்கம் அப்படித்தான். அந்தச் சாப்பாட்டை மனசாரத்தான் போட்டேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நம்பிக்கையில்தான் போன மாதம் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கச் சொல்லி என்னிடமே வந்தான். "கை நனைச்ச வீடுண்ணே. வேற பட்டறைக்குப் போனா நல்லா இருக்காது" என்றான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றினேன். வலப்பக்கம் இரண்டு பட்டை முறிந்து கிடந்தது. இரும்பு புதிதாக முறிந்தால் வாய் வெள்ளி மாதிரி மின்னும். இது உள்ளே வரைக்கும் கறுத்துத் துரு ஏறியிருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

"அது நாலஞ்சு வருஷமா அப்படித்தாண்ணே கெடக்கு. சுமை ஏத்துனா முன்னாடி தூக்கிக்கும், ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்காது. பழகிப்போச்சு."

டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். நான் வாங்கிக்கொடுத்த டீ. நாலஞ்சு வருஷம் என்றது அவன் காதிலேயே விழவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பூனைகூட என் அதட்டலுக்கு நகராது. வேலையை ஒழுங்காகவே செய்தேன். புதுப் பட்டை சேர்த்து, அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட்டுகளை முறுக்கினேன். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. தூக்கிய வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். புதுப் பட்டை அமரும்போது போல்ட் தளரும், மறுபடி முறுக்க வேண்டும். மற்ற எல்லாரிடமும் சொல்வேன். பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதுமில்லை. சொல்லாமல் விட்டவர்களை எல்லாம் பிடிப்பதென்றால் உங்கள் லாக்கப்பில் இடம் போதாது.

ஆனால் அவன் தானாகவே வந்து நின்றான். ஆறாம் நாள் காலை. முன்சீட்டில் அவன் மகள், பள்ளிச் சீருடையில். அல்லிக்கு அன்றைக்கு இருந்த வயசு. அல்லிக்கு அப்படி ஆனதிலிருந்து பிள்ளைக்கு சைக்கிளே கொடுப்பதில்லையாம், அவனேதான் பள்ளியில் விடுகிறானாம்.

"பின்னாடி டொக்கு டொக்குனு என்னமோ சத்தம் வருதுண்ணே. செத்த பாத்துடுங்க."

அடியில் போய்ப் படுத்தேன். நட்டு தளர்ந்துதான் இருந்தது. அரைச் சுற்று முறுக்கினால் தீர்ந்தது. ஸ்பானரை மாட்டி, அவிழ்க்கிற பக்கம் திருப்பினேன். வலப்பக்கத்து நான்கு நட்டுக்கும் மூன்று மூன்று சுற்று. மேலே அந்தப் பிள்ளை ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தது.

வெளியே வந்து கையைத் துடைத்தேன். "புதுப் பட்டை அப்படித்தான் பேசும் தம்பி. பழகிப்போயிடும்" என்றேன். கும்பிட்டான்.

மதகுத் திருப்பத்தில் அச்சு விலகி வண்டி வாய்க்காலுக்குள் போய்விட்டது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுக்கு இடது கை முறிவோடு போயிற்று. பிள்ளை பிழைக்கவில்லை.

நான் அவனுக்குத்தான் செய்தேன், ஐயா. அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் என்ன பகை? கிளம்பிய வண்டியைக் கை காட்டி நிறுத்தி, "பாப்பாவைக் கதவோரமா வைக்காதீங்க தம்பி, உள்ள தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியவனே நான்தானே.