மாடிப்படி ஷட்டரின் சாவி

காவல் நிலைய மனு விசாரணையில் எதிர்மனுதாரர் அளித்த வாக்குமூலம். நாள் 22.06.2025, ஞாயிறு, பகல் 12.10 மணி.

என் பெயர் வெயிலுகந்தம்மாள், வயது 53, க/பெ சுடலைக்கண்ணு. சொந்த ஊர் நாகலாபுரம். தற்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடைத்தெருவில், ஆறுமுகசாமி வணிக வளாகம் இரண்டாம் மாடியில், கணவருடன் குடியிருந்து வருகிறேன். அது எங்கள் சொந்த வீடு. மனுவில் வாடகைக்கு இருப்பவர் என்று கண்டிருப்பது பொய், அதை முதலில் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன். நான் தையல் வேலை செய்கிறேன். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணியை பஸ்ஸில் போட்டுவிடுவார்கள், நைட்டி தைத்து பஸ்ஸிலேயே திருப்பி அனுப்புவேன். எழுதப் படிக்கத் தெரியும். என்னை வாயாடி என்று மனுவில் எழுதியிருக்கிறார்கள், அது மட்டும் சரி.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. நான்கு வருடமாக வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. காப்பீட்டுத் திட்டத்தில் எங்களுக்கு அங்கேதான் முறை கிடைத்தது. நாகலாபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய்த் திரும்புவதற்குள் அவர் பாதி உயிராகிவிடுவார். ஆகவே மிளகாய் போட்டுவந்த கரிசல் காடு மூன்று ஏக்கரையும் விற்று, கோவில்பட்டியில் வீடு தேடினோம். தெருவுக்குள் நல்ல வீடுகள் கிடைத்தன. எனக்கு அவை வேண்டாம். பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும் அவர் நடந்தே போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கணக்கு. "கடைகளுக்கு நடுவுல போயி எவளாவது குடியிருப்பாளா?" என்று என் மகள் பூங்கொடி திருப்பூரிலிருந்து போனில் சண்டை போட்டாள். நான் கேட்கவில்லை.

அதன் பிறகு கீழே பாத்திரக்கடை வைத்திருந்த கட்டிட உரிமையாளர் ஆறுமுகசாமி அண்ணாச்சி, தன் இரண்டாம் மாடியை எங்களுக்கு 2023 தை மாதம் கிரயம் செய்து கொடுத்தார். தரைத்தளத்தில் அவர் கடை, முதல் மாடியில் சிராஜுதீன் என்பவரின் பேக், சூட்கேஸ் கடை, அதற்கு மேல் நாங்கள். பத்திரம் வாசிக்கும்போது தண்ணீர், மின்சார மீட்டர், மொட்டை மாடி எல்லாவற்றையும் நான் கேட்டேன். மாடிப்படிக்கு பொதுவழிப் பாத்தியம் உண்டு என்று வாசித்தார்கள். அந்தப் படி, கடையின் முகப்பிலேயே ஓரமாக, ஒரு இரும்பு ஷட்டருக்குப் பின்னால் தொடங்குகிறது. அந்த ஷட்டருக்கு வெளியில்தான் பூட்டு. அதன் சாவி யாரிடம் இருக்கும் என்று மட்டும் நான் கேட்கவில்லை. வேறு வழியாக இறங்க முடியாது, மொட்டை மாடிக்கு அடுத்த கட்டிடம் இரண்டு ஆள் உயரம் தாழ்வு.

குடி வந்த அன்று இரவு பத்து மணிக்கு அண்ணாச்சி படி ஓரம் நின்று, "தங்கச்சி, எல்லாரும் உள்ள வந்தாச்சா? எறக்கட்டுமா?" என்று சத்தம் கொடுத்தார். நான் "எறக்குங்க அண்ணாச்சி" என்றேன். ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிட்டுப் போனார். படியில் கடைச் சரக்கு அடுக்கியிருப்பதால் பூட்டாமல் விட முடியாது என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கடை வேலையாள் மகாராஜா வந்து திறந்தார். எனக்கும் ஒரு சாவி வேண்டும் என்று அண்ணாச்சியிடம் இரண்டு முறை கேட்டேன். "சாவி எதுக்கும்மா, நான்தான் பின்னாலயே குடியிருக்கேன்லா. ஒரு போன் போடுங்க, ஓடியாறேன்" என்றார். சொன்னபடியே ஒரு முறை கணவருக்கு மூச்சுத் திணறியபோது, சட்டை கூடப் போடாமல் ஓடி வந்து திறந்து, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு சாவி கேட்க எனக்கே வெட்கமாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தெருவே அடைக்கும், அன்றும் கேட்காமல் அவர் இறக்கியதில்லை. இரண்டரை வருடம் அந்தக் குரலை நம்பித்தான் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம்.

கடந்த 13.06.2025 வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்திருக்கும்போதே மாரடைப்பில் காலமானார். நான் துஷ்டி வீட்டுக்குப் போய் ஒன்பது மணி வரை இருந்துவிட்டு வந்தேன். மறுநாள் சனிக்கிழமை, டயாலிசிஸ் நாள். காலையில் ஷட்டரை யார் திறப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு அங்கேயே வந்தது. மனுதாரர், அதாவது அண்ணாச்சியின் மகன் அருண்பாண்டியன், என் எதிரில்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் போய் சாவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் தப்பு என்று இந்த விசாரணையில் எதையாவது எழுத வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள். அன்று இரவு யாரும் சத்தம் கொடுக்கவில்லை. ஷட்டர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

14.06.2025 சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு யாரும் வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு வியாபாரி இறந்தால், உடல் கடைத்தெருவைத் தாண்டும் வரை யாரும் கடை திறக்க மாட்டார்கள். டீக்கடை கூடக் கிடையாது. எனவே தெருவில் ஆளில்லை. கணவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, பையோடு நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். நான் பால்கனியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு பதற்றத்தில், பழக்க தோஷத்தில், அண்ணாச்சி நம்பருக்கே போன் போட்டுவிட்டேன். மணி அடித்தது. என் காலுக்குக் கீழே, பூட்டிய கடைக்குள் அடித்தது. அதைக் கேட்டதும் என் கணவர், "ஏட்டி, யாருக்குப் போடுத?" என்றார். போனை அணைத்தேன்.

மகாராஜாவின் நம்பர் என்னிடம் இல்லை. அதன் பிறகு அருண்பாண்டியனுக்கு ஆறு முறையும், சிராஜுதீனுக்கு நான்கு முறையும் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை, துஷ்டி வீட்டில் மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். எட்டரை மணிக்கு ரயில் போனது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "திருநெல்வேலி, திருநெல்வேலி, பாயிண்ட் டு பாயிண்ட்" என்று கூவுவது எங்கள் பால்கனியில் தெளிவாகக் கேட்கும். அன்று காலையில் நான்கு பஸ்ஸுக்குக் கூவியதைக் கேட்டேன். ஒன்பதரைக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, படுக்க முடியவில்லை, கால் இரண்டும் வீங்கி வந்தது. ஆம்புலன்சுக்குச் சொன்னேன். தெரு முனைக்கு வந்தவர்கள், "அம்மா, நீங்க சொன்ன நம்பர்ல வீடே இல்லையே, இங்க எல்லாம் பூட்டுன கடையாத்தான் இருக்கு" என்று போனில் சொன்னார்கள். மேலே பாருங்கள் என்று கத்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊர்வலம் தெருவுக்குள் திரும்பிவிட்டது. ஆம்புலன்ஸ் முனையிலேயே நின்றுவிட்டது.

அப்போது மணி பத்தே முக்கால் இருக்கும். மேளமும் வேட்டும் காதைப் பிளந்தன. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இறந்தவர் கடை முன்னால் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துவது வழக்கம், அதன்படி எங்கள் பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். யாராவது அண்ணாந்து பார்க்கட்டும் என்று நான் ஒரு புதுத் துண்டை எடுத்துக் கீழே போட்டேன். அதை அண்ணாச்சிக்கு நான் போடும் கோடித் துணி என்று நினைத்து, ஒருவர் பயபக்தியோடு எடுத்து வண்டிமேல் விரித்தார். மேலே பார்த்துக் கும்பிடவும் செய்தார். நான் தலையில் அடித்துக்கொண்டதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நகரத் தொடங்கினார்கள். வண்டி போய்விட்டால் தெரு மறுபடி காலியாகிவிடும், பிறகு அவர்கள் இடுகாடு போய்த் திரும்ப மதியம் ஆகும், அதுவரை என் கணவர் தாங்க மாட்டார். இது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது.

உடனே கையில் கிடைத்த எவர்சில்வர் குடத்தைத் தூக்கி எறிந்தேன். அது அண்ணாச்சி கடையில் வாங்கிய குடம்தான். தண்ணீர் இல்லை, வெறுங்குடம். வண்டிக்கு முன்னால் ரோட்டில் விழுந்து உருண்டது. உடல்மேல் விழுந்ததாக மனுவில் இருப்பது சுத்தப் பொய், தெருவே சாட்சி. ஆனால் சவத்துக்கு முன்னால் குடம் போய் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் மனுசிதானே. மேளம் நின்றது. "ஏட்டி, பொணத்துக்கு முன்னால குடத்தையா எறியுத? வெளங்குவியா நீ?" என்று ஒரு பெரியவர் கத்தினார். மனுதாரர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல விரும்பவில்லை. அந்த அமைதியில் நான், "அண்ணாச்சி, ஷட்டரைத் தொறங்க அண்ணாச்சி, இவுகளுக்கு மூச்சு வாங்குது" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், நான் வண்டியில் கிடந்தவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

சிராஜுதீன்தான் முதலில், "அல்லாவே, மேல குடியிருக்காவல்லா! எல்லாருமா சேர்ந்து மறந்துட்டமே!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். சாவி வைத்திருந்த மகாராஜா குழி வேலைக்காக முன்னாலேயே காட்டுக்குப் போயிருந்தார். ஆகவே சிராஜுதீன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்து உடைத்தார். நான் ஆள்வைத்துக் கடையை உடைத்ததாக எழுதியிருப்பது இதைத்தான். கடைப் பூட்டில் யாரும் கைவைக்கவில்லை. அதன் பிறகு நான்கு பேர் என் கணவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியாததால், ஊர்வலத்துக்குள்ளேயே, பூ மிதித்துக்கொண்டு, அண்ணாச்சி வண்டியைத் தாண்டித்தான் தூக்கிப் போனார்கள். தாண்டும்போது என் கணவர் நாற்காலியில் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். திருநெல்வேலியில் ஐந்து நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சிரமம் என்று மருத்துவர் சொன்னார்.

நாங்கள் 19.06.2025 அன்று திரும்பி வந்தபோது ஷட்டரில் புதுப் பூட்டு தொங்கியது. இந்த முறை வெட்கப்படாமல் மனுதாரரிடம் நேராகவே சாவி கேட்டேன். "எங்கப்பா சாவுல குடத்த எறிஞ்சவியளுக்கு நான் எதுக்குச் சாவி தரணும்? விசாரணை முடியட்டும். ஒத்துவரலைன்னா வித்துட்டுப் போங்க, எனக்கும் குடோனுக்கு எடம் வேணும்" என்றார். கடை திறக்கும்போது மகாராஜா ஷட்டரைத் தூக்குகிறார், அடைக்கும்போது இறக்குகிறார். எங்களை யாரும் கேட்பதில்லை. முந்தாநாள் இரவு நான் மாத்திரை வாங்கப் போய்த் திரும்புவதற்குள் இறக்கிவிட்டார், பின்தெருவுக்குப் போய் அவரை எழுப்பிக் கூட்டி வந்தேன். வீட்டை விற்கவும் தரகரிடம் சொல்லிப் பார்த்தேன். குடோனுக்குத் தவிர அதை எவரும் கேட்க மாட்டார்கள், அருண்பாண்டியனைத் தவிர வேறு ஆள் வராது என்றார். காடும் இல்லை, திரும்பிப் போக நாகலாபுரத்தில் கூரையும் இல்லை.

குடம் எறிந்தது நான்தான், மறுக்கவில்லை. மனுதாரர் மனம் புண்பட்டதற்கு அவர் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அண்ணாச்சி மேல் எனக்கு முன்விரோதம் என்று எழுதியிருப்பதற்கு மட்டும் என் வயிறு எரிகிறது. நான் கேட்பது ஒரு சாவி. ரைட்டர் அய்யா இது கோரிக்கை, வாக்குமூலத்தில் வராது என்றார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் சொன்னதால் எழுதியிருக்கிறார்.

இப்போது மணி ஒன்று நாற்பத்தைந்து. இன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணிக்கு ஷட்டர் இறங்கும், நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் ஏறும். என் கணவர் மேலே தனியாக இருக்கிறார், அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், நான் இங்கே இருக்கிறேன். மேலே கண்டது அத்தனையும் நான் சொல்லி எழுதப்பட்டது, அத்தனையும் உண்மை. எனக்கு இதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார்கள். வாசித்தால் இரண்டு மணி ஆகிவிடும். வாசிக்க வேண்டாம், பேனாவைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) சு. வெயிலுகந்தம்மாள்
பகல் 1.46